கேபினில் படுத்தால் தலைவலி: எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் தீருமா?

தெற்குவாடி எழுதியது:

வணக்கம். பாம்பன் பக்கம், 48 அடி மரப்படகு. 6 சிலிண்டர் டீசல் இன்ஜின், டர்போ கிடையாது, 110 எச்.பி. இன்ஜின் ரூம் வீல் ஹவுஸுக்கு (படகை ஓட்டும் அறை) நேர் கீழே. வீல் ஹவுஸை ஒட்டிப் பின்னால் ஆட்கள் படுக்கச் சின்னக் கேபின்: 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். இன்ஜின் புகைக்குழாய் கேபின் கூரைக்கு மேல் ஓரடியில் முடிகிறது.

ராத்திரி கரை திரும்பும்போது கேபினில் படுத்தவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வருகிறது. டெக்கில் வலை மடிக்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. வாடைக் காற்று மாதங்களில்தான் அதிகம். கடல் மயக்கம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வருஷக் கணக்காகத் தொழிலுக்குப் போகிறவர்களுக்குமா கடல் மயக்கம் வரும்?

நங்கூரம் போட்டு நிற்கும்போது விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் 1 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் கேபின் பின்சுவரை ஒட்டி ஓடும். அடுப்பு கேஸ், கேபின் வாசலுக்கு உள்ளே.

மீன்பிடித் தடைக்காலத்தில் கேபின் பின்சுவரில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம் என்று நினைக்கிறோம். 24 வோல்ட் கிடைக்கிறது. அந்த அளவு போதுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். தடைக்காலம் முடிந்து ஐஸ் பெட்டியைக் கழுவ இறங்கினால் மூச்சு முட்டுகிறது. அதற்கு என்ன செய்வது?

டீசல்கை எழுதியது:

அண்ணே, அந்த ஃபேனைக் கேபின்ல மட்டும் போட்டுடாதீங்க. இருக்கிறதை அது இன்னும் மோசமாக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கேபின் காற்றை வெளியே தள்ளும். தள்ளின அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாகணும். உங்க கேபினுக்கு ஆகப் பக்கத்து வழி எது? தரைப்பலகை இடுக்கு, ஸ்டீயரிங் செயின் போற ஓட்டை, கியர் கம்பி, ஆக்சிலேட்டர் வயர் இறங்குற ஓட்டை. எல்லாம் இன்ஜின் ரூமுக்குத்தான் போகுது. கீழே மேனிஃபோல்டுல (சிலிண்டர்கள்ல இருந்து புகை ஒண்ணா சேர்ற குழாய்) ஒரு மயிரிழைக் கசிவு இருந்தாலும் ஃபேன் அதை உறிஞ்சிப் படுத்திருக்கிறவன் மூக்குக்குக் கொண்டுவரும்.

வாடை மாதத்துல அதிகம்னு சொன்னதுலயே பாதி விடை இருக்கு. பாக் நீரிணையில வடகிழக்கே போய்ட்டுத் திரும்பும்போது வாடை முதுகுக்குப் பின்னாடி இருந்து அடிக்கும். படகு வேகமும் காற்று வேகமும் கிட்டத்தட்ட ஒண்ணானா புகை பின்னாடி போகாம படகோடயே கூட வரும். காற்று ஒரு படி கூடினா முன்னாடியே சாயும். ஓரடிக் குழாய்ல இருந்து வர்ற புகை கூரையிலேயே படிஞ்சு, வாசல் வழியா இறங்கிடும்.

எதிர்க்காற்றுல ஓடும்போதும் ஒரு கெடுதல் உண்டு. படகோட பின்முகத்துக்குப் பின்னாடி காற்றழுத்தம் குறைஞ்சு சுழல் உண்டாகும். அந்தச் சுழல் புகையை இழுத்து வச்சுக்கும். தண்ணி அடிக்குதுன்னு வீல் ஹவுஸ் முன் ஜன்னலை மூடிட்டுப் பின்கதவை மட்டும் திறந்து வச்சா, அந்தப் புகை நேரா உள்ளே ஏறும். பின்கதவு திறந்தா முன் ஜன்னலும் திறந்திருக்கணும். இதை டிரைவர்கிட்ட கண்டிப்பாச் சொல்லி வைங்க.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில:

முதல்ல கசிவைப் பிடிக்கணும். புகைக்குழாய் மேல சுத்தியிருக்கிற காப்பை முழுசா அவுத்துடுங்க. உப்புத் தண்ணி காப்புக்குள்ள தங்கி, வெளியே தெரியாம குழாயை அரிச்சிருக்கும். ஃபிளாஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கிற வளையம்) ஓரம், மேனிஃபோல்டு போல்ட் ஓரம், வெல்டிங் ஓரம் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. விசிறி மாதிரி கறுப்புக் கரி பரவியிருந்தா அங்கே கசிவு. கரி தெரியலைன்னா, இன்ஜின் ஆறின நிலையில ஸ்டார்ட் பண்ணி, சூடேறுறதுக்குள்ள சோப்புத் தண்ணியைப் பிரஷ்ல தடவுங்க. குமிழி காட்டிக்கொடுக்கும்.

கேஸ்கட் மாத்தும்போது கிராஃபைட் கேஸ்கட் போடுங்க. சூடேறி ஆறினதும் நட்டை மறுபடி ஒரு தடவை இறுக்கணும், இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுடுறாங்க. இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பா வளையுற குழாய்த்துண்டு) இருக்கணும். நேரடியா வெல்டிங் பண்ணியிருந்தா இன்ஜின் அதிர்வுல ஃபிளாஞ்ச் கழுத்து விரிசல் விட்டுக்கிட்டே இருக்கும். எத்தனை தடவை பத்த வச்சாலும் நிக்காது. காப்பைத் திரும்பச் சுத்தும்போது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வேண்டாம், கண்ணாடி இழை டேப் போதும்.

கிராங்க்கேஸ் பிரீதரையும், அதாவது இன்ஜின் அடிப்பெட்டியோட மூச்சுக்குழாயையும் பாருங்க. பழைய இன்ஜின்ல பிஸ்டன் ரிங் தேஞ்சா அந்த வழியா எண்ணெய்ப் புகை இன்ஜின் ரூம்லயே கொட்டும். ஹோஸ் மாட்டி வெளியே விட்டுடுங்க.

அடுத்தது தரை. கம்பி, வயர் போற ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் குரோமெட், சுத்தி சீலன்ட். இன்ஜின் ரூம் மூடிக்கு ரப்பர் பீடிங். ஸ்டீயரிங் செயின் ஓட்டையை அடைக்க முடியாது. அதைச் சுத்தி ஒரு பலகைப் பெட்டி கட்டி, பெட்டியோட வாயைக் கேபினுக்கு வெளியே விடலாம்.

மூணாவது, குழாய் உயரம். கூரைக்கு மேல குறைஞ்சது ஒன்றரை மீட்டர் ஏத்துங்க, ஸ்டே கம்பி போட்டுக் கட்டுங்க. அப்பவும் பின்காற்றுல புகை சாஞ்சா, டிரைவர் 15, 20 டிகிரி திருப்பி ஓட்டட்டும். காற்று பக்கவாட்டுல வந்தா புகை விலகிடும். கொஞ்ச தூரம் சுத்துதான், பரவாயில்லை.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் கேபினுக்கு ஃபேன். வெளியே தள்ளுற ஃபேன் இல்லை, உள்ளே ஊதுற ஃபேன். வீல் ஹவுஸ் முன்முகத்துல, அலைத் தெறிப்பு எட்டாத உயரத்துல வாய் வைங்க. நிமிஷத்துக்கு 2 கன மீட்டர் ஊதினா நாலு பேருக்குப் போதும். கேபினுக்குள்ள அழுத்தம் ஒரு பொட்டு கூடுதலா இருந்தா இடுக்கு வழியா காற்று வெளியேதான் போகும், புகை உள்ளே வராது.

கரைநலம் எழுதியது:

தெற்குவாடி, உங்கள் படகில் எனக்கு அதிகம் பயம் தருவது அந்தச் சின்ன ஜெனரேட்டர்தான்.

நீங்கள் சொல்லும் தலைவலியும் குமட்டலும் இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவின் அறிகுறிகள். நிறமில்லை, வாசனையில்லை, எடையும் ஏறக்குறைய காற்றின் எடைதான். ரத்தத்தில் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கடல் மயக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க எளிய வழி: ஒரே இடத்தில் இருந்த பலருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே வந்ததும் மெல்லக் குறைந்தால் அது காற்றில் உள்ள கோளாறு. டெக்கில் நிற்பவர்களுக்கு ஒன்றுமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜின் இந்த வாயுவைக் குறைவாகவே விடும். இழுவை வலை போட்டுப் பாரம் ஏறிக் கறும்புகை கக்கும்போது கூடும். பெட்ரோல் ஜெனரேட்டர் அப்படியல்ல, அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம், சில சதவீதம் வரை இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கேபின் 7,200 லிட்டர். 1,600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,600 பங்கு) அளவில் 20 நிமிடத்தில் தலைவலி, தலைசுற்றல். ஒரு மணி நேரத்தில் உயிர் போகலாம். 7,200 லிட்டரில் 1,600 பிபிஎம் என்றால் வெறும் 11.5 லிட்டர் கார்பன் மோனாக்சைடு. 100 சிசி ஜெனரேட்டர் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் காற்றை இழுக்கும். புகையில் 3 சதவீதம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 3 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு கேபினுக்குள் வந்தால்கூட, மூடிய கேபின் 20 நிமிடத்தில் அந்த அளவை எட்டிவிடும். தூங்குகிறவருக்குத் தலைவலியே தெரியாது. தூக்கத்திலிருந்து நேராக மயக்கத்துக்குப் போய்விடுவார்.

ஆகவே ஜெனரேட்டர் கேபின் சுவர் பக்கம் இருக்கவே கூடாது. நங்கூரத்தில் படகின் அணியம் (முன்முனை) காற்றைப் பார்த்து நிற்கும், அப்போது ஜெனரேட்டர் படகின் கடைசிப் பின்முனையில், புகைவாய் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நீரோட்டம் படகைக் குறுக்கே திருப்பினால் இடத்தையும் மாற்ற வேண்டும். ஆட்கள் தூங்கும்போது அதை நிறுத்திவிடுங்கள். எல்இடி விளக்குக்கும் போனுக்கும் இன்ஜின் பேட்டரியே போதும். ஜெனரேட்டரைக் கரையில் விட்டுவிட்டு வருவதையே நான் சொல்வேன்.

யாராவது மயங்கினால் திறந்த டெக்குக்குக் கொண்டுவந்து, புகை வரும் இன்ஜினை நிறுத்துங்கள். மூச்சில்லை என்றால் செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும். சுத்தக் காற்றில் வைத்தாலும் ரத்தத்தில் ஏறிய விஷம் பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கரையில் 108. சிக்னல் இல்லாத இடத்தில் விஎச்எஃப் 16ஆவது சேனல்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இதில் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே படிக்கும். 98, 99 என்று காட்டும், ஆள் செத்துக்கொண்டிருப்பார்.

தெற்குவாடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. காப்பை அவிழ்த்துப் பார்த்தோம். மேனிஃபோல்டுக்கு அடுத்த ஃபிளாஞ்சில் கீழ்ப்பக்கம் கரி பரவியிருக்கிறது. ஜெனரேட்டரை இறக்கிவிட்டோம்.

இன்ஜின் ரூமுக்குக் காற்று வர 15க்கு 20 செ.மீ. அளவில் ஒரே ஒரு சாய்பலகை ஜன்னல்தான் இருக்கிறது. முழு வேகத்தில் கறும்புகை வருகிறது, சூடும் தாங்க முடியவில்லை. டீசல் தெளிக்கும் நாசிலைச் சர்வீஸ் செய்தும் மாறவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

டீசல்கை எழுதியது:

நிச்சயமா உண்டு. உங்க இன்ஜின் மூச்சுத் திணறுது.

கொள்ளளவு 5.7 லிட்டர்னு வச்சுக்குவோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை காற்று இழுக்கும். 2,000 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 2,000 சுத்துன்னா, 5,700 லிட்டர், நடைமுறையில அதுல 85 சதவீதம். ஆக, எரியறதுக்கு மட்டுமே நிமிஷத்துக்கு 5 கன மீட்டர் கிட்ட வேணும். சூட்டை வெளியேத்த இன்னொரு 5. மொத்தம் 10.

ஜன்னல்ல காற்று விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல ஓடக் கூடாதுன்னு வச்சா, திறப்பு 550 சதுர செ.மீ. வேணும். சாய்பலகையும் வலையும் கொஞ்சத்தை மறைச்சுடும், 60 சதவீதம்தான் உருப்படியாக் கிடைக்கும். அப்போ ஜன்னல் 920 சதுர செ.மீ. உங்க ஜன்னல் மொத்தமே 300, திறப்பு 180தான். இடதும் வலதும் 30க்கு 16 செ.மீ. அளவுல ஒவ்வொண்ணு வைங்க. வெளியே நீர்தடுப்பு மடிப்பு, உள்ளே குழாயை இன்ஜின் பக்கமா, கீழ்நோக்கி இறக்கணும்.

சந்தேகம் இருந்தா இப்படிப் பாருங்க. முழு வேகத்துல ஓடும்போது இன்ஜின் ரூம் மூடியைத் தூக்குங்க. உறிஞ்சிப் பிடிச்சுக்கிட்டு வர மறுத்தா, இல்லைன்னா திறந்த உடனே ஆர்பிஎம் ஏறிப் புகை வெளுத்தா, காற்றுப் பஞ்சம்தான். உள்சூடு வெளிக்காற்றைவிட 15 டிகிரிக்கு மேல போகாம வச்சுக்கணும். காற்று 10 டிகிரி சூடேறினா அடர்த்தி 3 சதவீதம் குறையும். அவ்வளவு ஆக்சிஜன் குறையுது, டீசல் அளவு அப்படியே இருக்கு, அந்த வித்தியாசம்தான் கறும்புகை.

நீங்க கேபினுக்கு வாங்க நினைச்ச எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இங்கேதான் இடம். இன்ஜின் ரூம் பின்பக்க மேல்மூலையில மாட்டுங்க. நிமிஷத்துக்கு 5, 6 கன மீட்டர் இழுத்தாப் போதும், 12 அங்குலம் தேவையில்லை. பெரிசாப் போட்டா இன்ஜினுக்குப் போற காற்றையும் அதுவே பிடுங்கிடும். கீழே அழுத்தம் கொஞ்சம் குறைவு, மேலே கேபின்ல கொஞ்சம் கூடுதல், அப்போ புகை ஏற வழியே இல்லை. ஃபேன் வாய் கேபின் காற்று எடுக்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கமா இருக்கட்டும். இன்ஜினை நிறுத்தின பிறகும் அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க.

ஒண்ணு மறக்காதீங்க: எல்லா ஜன்னலுக்கும் வெளியே இருந்து மூடுற மாதிரி மூடி வேணும். தீப்பிடிச்சா முதல்ல காற்றை அடைக்கணும், அப்பதான் அணைப்பான் வேலை செய்யும்.

பேட்டரி இன்ஜின் ரூம்லயே இருந்தா அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். அது மேலே ஏறுற வாயு, பேட்டரிப் பெட்டியோட மேல்பக்கம் ஓட்டை இருக்கணும்.

மூக்கையூரான் எழுதியது:

பெரிய படகுக்கே எல்லோரும் சொல்றீங்க, ஃபைபர் படகு வச்சிருக்கிறவங்களும் இதைப் படிப்பாங்க. அணியத்துல மூடி போட்ட அறைக்குள்ள பெட்ரோல் கேன் வைக்கிற பழக்கத்தை விட்டுடணும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூணு நாலு மடங்கு கனம், கீழே தங்கும். காற்றுல 1.4 சதவீதம் கலந்தாலே பத்தும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி சிந்தினா 40 லிட்டர் ஆவி வரும். ஒரு கன மீட்டர் அறைக்கு அது தாராளம். சுவிட்சுல வர்ற பொறி, பீடி நெருப்பு எதுவும் போதும். கேன் திறந்த இடத்துல, நிழல்ல, கட்டி இருக்கணும். பிளாஸ்டிக் கேனைக் கரையில தரையில வச்சு நிரப்பிட்டு ஏத்துங்க. இன்ஜின் சூடா இருக்கும்போது ஊத்தாதீங்க.

பெட்ரோல் இன்ஜினையே உள்ளே வச்ச சுற்றுலாப் படகுன்னா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி புளோவரை (அறைக் காற்றை வெளியேத்துற ஃபேன்) நாலு நிமிஷமாவது ஓட்டணும். அது உறிஞ்சுற ஹோஸ் வாய் அறையோட அடிப்பாகத்துல, தண்ணி தேங்குற மட்டத்துக்கு மேல இருக்கணும். மேலே வச்சா ஆவி கீழேயே கிடக்கும். பொறி வராத வகைப் புளோவரா கேட்டு வாங்குங்க, கார் ஃபேன் கூடாது.

கரைநலம் எழுதியது:

ஐஸ் பெட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மூடிக் கிடக்கும் பெட்டிக்குள் மீன் கழிவுநீர் அழுகும். அழுகல் ஆக்சிஜனைத் தின்னும், ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும், 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. அதை "நாற்றம் போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்தான் விழுகிறார். 500 பிபிஎம்முக்கு மேல் சில நிமிடத்தில் ஆள் சுருண்டுவிடுவார். 1,000 தாண்டினால் ஓரிரு மூச்சே போதும்.

தடைக்காலம் தொடங்கும் அன்றே பெட்டியைக் கழுவி, அடிக்குழியை வற்ற இறைத்து, மூடியைத் திறந்தே வையுங்கள். மழைக்கு மேலே தார்ப்பாய் கூடாரமாகக் கட்டிக்கொள்ளலாம். மூடிக் கிடந்துவிட்டதென்றால், எல்லா மூடிகளையும் திறந்து, புளோவர் ஹோஸை அடிவரை இறக்கி வெளிக்காற்றை ஊதுங்கள். 8 கன மீட்டர் பெட்டிக்கு நிமிடத்துக்கு 10 கன மீட்டர் புளோவர் என்றால் 20 நிமிடம். கழிவுநீரைக் கலக்கினால் வாயு மறுபடி கிளம்பும், ஆகவே வேலை முடியும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்கு வகை வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்றை நான்கைந்து படகுக்காரர்கள் சேர்ந்து வாங்கலாம். கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்மைத் தொட்டால் இறங்கக் கூடாது. மெழுகுவத்தி இறக்கிப் பார்க்கும் பழக்கம் ஆபத்து: இந்த வாயுவை அது காட்டாது, எரியும் வாயு இருந்தால் பற்றவைக்கும். ஈரத் துண்டும் துணி மாஸ்க்கும் வாயுவைத் தடுக்காது.

இறங்குகிறவர் இடுப்பிலும் தோளிலும் கயிறு, மேலே கயிற்றைப் பிடித்து ஒருவர். கீழே விழுந்தால் மேலே இருந்தே இழுக்க வேண்டும். காப்பாற்றப் பின்னாலேயே குதித்தவரும், அவருக்குப் பின்னால் குதித்தவரும்தான் இத்தகைய விபத்துகளில் சேர்ந்து சாகிறார்கள். அண்ணன் தம்பி ஒரே படகில் போகும் ஊர்களில் இதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் யோசிக்கத் தோன்றாது.

பெட்டிக்குள் ஃபைபர் பூசும்போதும் இதே முறைதான். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவியும் கனமானது, எரியக்கூடியது.

தெற்குவாடி எழுதியது:

கேஸ் அடுப்பையும் அலாரத்தையும் மட்டும் சொல்லிவிடுங்கள். அலாரம் ஒன்று போதுமா, எங்கே மாட்டுவது?

கரைநலம் எழுதியது:

இரண்டு தனித்தனி அலாரம் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் உள்ளது, படகுக்கான இஎன் 50291-2 தரம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். படுப்பவரின் தலைமட்டத்தில், அடுப்பிலிருந்தும் காற்று ஊதும் வாயிலிருந்தும் தள்ளி மாட்டுங்கள். 300 பிபிஎம்மில் மூன்று நிமிடத்துக்குள் கத்தும், 100 பிபிஎம்மில் 10 முதல் 40 நிமிடம் எடுக்கும், 50 பிபிஎம்மில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆகவே அலாரம் கத்தவில்லை என்பதற்காகத் தலைவலியைச் சும்மா விடாதீர்கள். டெஸ்ட் பொத்தான் பெரும்பாலும் பேட்டரியையும் சத்தத்தையும்தான் சோதிக்கும். சென்சாரின் காலாவதி தேதி பின்பக்கம் இருக்கும், அன்றோடு மாற்றிவிட வேண்டும்.

சமையல் கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அந்த வாயு காற்றைவிடக் கனம், 1.8 சதவீதத்தில் பற்றும். உங்கள் கேபினுக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் கசிந்தால் போதும். அடியில் தேங்குவதால் அதற்கும் குறைவே போதும். சிலிண்டர் டெக்கில், நிமிர்ந்து, கட்டி இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் அடியில் வெளிநோக்கி ஓட்டை வேண்டும். ஹோஸ் ஐஎஸ் 9573 முத்திரை உள்ளதாக, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக. சமைத்து முடித்ததும் அடுப்புக் குமிழை விட்டுவிட்டுச் சிலிண்டர் ரெகுலேட்டரை முதலில் மூடுங்கள், ஹோஸில் மிஞ்சியது எரிந்து அணைந்த பிறகு குமிழைத் திருப்புங்கள்.